குற்றம் போன பிறகு

மனநோய் வார்டில் படுத்துக் கிடந்தவள் நான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் கண்களைப் பார்க்கிறார்கள், பிறகு கைகளை. இரண்டும் எல்லோருக்கும் இருப்பதுபோல இருப்பதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்தும் போகிறார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம் அது. எனக்குக் காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை, எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் ஆளைக் கொண்டுபோகக்கூடிய வியாதி. நம்மில் பலர் வீட்டில் அது பெயர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. "அவ எப்பவும் ஒரு மாதிரிதான்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். என்னையும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் தாராவியில் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. கணக்கு என் பாடம். கணவர் சண்முகம் அணு ஆராய்ச்சிக் கூடத்தின் பட்டறையில் லேத் மெஷின் பார்ப்பவர். அணுசக்தி நகரில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. டாக்டர், கோயில் என்று அலைந்து, இனி இல்லை என்று அந்தப் பேச்சையே விட்ட பிறகு நான் உண்டானேன்.

தினமும் மான்குர்டில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயனில் இறங்கிப் பள்ளிக்கு நடப்பேன். என் அக்கா செண்பகம் தாராவியிலேயே இருக்கிறாள். அத்தானுக்கு அங்கே தோல் பட்டறை. "எட்டு மாசம் ஆயிட்டு, இனி லீவு போடுட்டி" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். பரீட்சை முடியட்டும் என்பேன்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், காலையிலிருந்தே உள்ளே அசைவு இல்லை என்பது உறைத்தது. செம்பூரில் ஒரு பிரசவ விடுதிக்குப் போனோம். டாக்டரம்மா வெகுநேரம் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார். இடத்தை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு குழலை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பிறந்தாள். பெண். முகத்தைக் காட்டினால் மனதில் பதிந்துவிடும், காட்ட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். அக்காவும் ஆமாம் என்றாள். என் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கிப் போனார்கள். திறந்திருந்த கதவு வழியாக என் கணவரின் முதுகு தெரிந்தது. எதையோ ஏந்திக்கொண்டு மெதுவாக, படி தட்டிவிடாமல் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது, வாங்கிவைத்திருந்த சின்னத் துணிகளை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. பேசினால் நான் உடைந்துவிடுவேன் என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். அன்பினால்தான். ஆனால் அந்த மௌனம் எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. ஒருநாள் பக்கத்து வீட்டு மாமி மாடிப்படியில் நின்று யாரிடமோ, "எட்டு மாசத்துல அந்த ரயில் கூட்டத்துல இடிபட்டுண்டு போனா பின்னே என்ன ஆகும்?" என்று சொன்னது காதில் விழுந்தது. எல்லோரும் மனதுக்குள் நினைப்பதை அவள் ஒருத்திதான் வாயால் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். என் பிள்ளையை நானே கொன்றேன் என்ற முடிவுக்கு அன்று வந்தேன்.

துக்கம் எனக்குத் தெரியும். அப்பா இறந்தபோது அழுதிருக்கிறேன். இது அப்படி இல்லை. அழுகையே வரவில்லை. வெள்ளென, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். விழித்ததும் நெஞ்சின்மேல் ஈரமண்ணைக் கொட்டியதுபோல ஒரு கனம். சோறு வாயில் மரத்தூளாக இருந்தது. பள்ளி திறந்ததும் போனேன். கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டு, கடன் வாங்குவது எப்படி என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குளிப்பதற்கு எழுந்து போவதுகூட மலையேறுவதுபோல இருந்தது. குளிக்காமல் இருப்பதற்கு என்னை நானே கேவலமாகத் திட்டிக்கொள்வேன். சோம்பேறி, பாவி, எதற்கு இருக்கிறாய்?

இப்படியே போய், குர்லா ஸ்டேஷனில் ஒருநாள் மாலை பல வண்டிகளை விட்டுவிட்டு பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பூக்காரி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தாள். என்ன கண்டாளோ. "கர் கஹான் ஹை?" என்று வீட்டைக் கேட்டுக்கேட்டு, மான்குர்ட் வண்டியில் தானும் ஏறி வந்து, ஆட்டோவில் ஏற்றிவிட்டுப் போனாள். நான் வீட்டில் அதைச் சொன்னபோது என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனார்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கொண்டுட்டுப் போறிய? கரண்ட் வச்சு ஆளையே மாத்திப்புடுவான்" என்று அக்கா அழுதாள். அவர் என் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தார்.

வெளி நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் நீண்ட மரப் பெஞ்சுகள். நனைந்த குடைகளிலிருந்து தண்ணீர் வடிந்து தரையெல்லாம் ஈரம். கத்துகிறவர்கள், சங்கிலி போட்டவர்கள் இருப்பார்கள் என்று பயந்து போயிருந்தேன். அங்கே இருந்தவர்கள் என்னைப் போலவே இருந்தார்கள். ஒரு பாங்க் குமாஸ்தா, ஒரு கல்லூரிப் பெண், மடியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி ஒரு அம்மாள். ரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி மந்தமானாலும் மனம் இப்படி ஆகுமாம். அது சரியாக இருந்தது. டாக்டர் என் கணவரிடம் "டிப்ரஷன்" என்றார். மனச்சோர்வு. சோர்வு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும் என்று தோன்றும்; இது படுத்தால் இன்னும் கூடுகிற சோர்வு. ஸ்டேஷனில் நடந்ததைக் கேட்டதும், வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று அன்றே வார்டில் சேர்த்துவிட்டார்.

மாத்திரை கொடுத்தார்கள். கரண்ட் வைக்கவில்லை. மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று முதலிலேயே சொன்னார்கள். ஆனால் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது முதல் நாளே வந்துவிட்டது. அக்கா தினமும் தாராவியிலிருந்து மழையில் நனைந்துகொண்டு மோரும் சோறும் கொண்டுவந்தாள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று சொன்ன வாயால், "ஒரு வாய் வாங்கிக்கோட்டி, என் ராசாத்தில்லா" என்று ஊட்டினாள். வார்டில் வேலை செய்த மராத்தி அம்மாளை எல்லோரும் மாவுஷி, சின்னம்மா என்று கூப்பிடுவோம். அவள் ஒருநாள் கேட்காமலே வந்து, சிக்கேறிக் கிடந்த என் தலையில் எண்ணெய் வைத்து, பொறுமையாகச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். அவ்வளவு நல்லது செய்யப்படுவதற்கு நான் தகுதியானவள் இல்லை என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வார்டுக்கு வசந்தா என்ற பெண் வருவாள். டாக்டர் அல்ல, மனோதத்துவம் படித்தவள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறுவாள். பேச்சு நன்றாக வரும். காக்னிடிவ் தெரபி என்று வெளிநாட்டில் ஒரு முறை பழக்கத்துக்கு வந்திருக்கிறது, தானும் பயின்றிருக்கிறேன், செய்து பார்ப்போமா என்று கேட்டாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு காரியம் நடக்கிறது. நமக்கு வேதனை வருகிறது. இரண்டுக்கும் நடுவில் மனம் சட்டென்று ஒரு வாக்கியம் சொல்கிறது. தானாக ஓடுகிற வாக்கியம். வேகமாக ஓடுவதால் அது நம் காதில் விழுவதில்லை, ஆனால் அதை முழுதாக நம்பிவிடுகிறோம். மனச்சோர்வு வந்தவருக்கு அந்த வாக்கியங்கள் எல்லாமே ஒரே பக்கமாகச் சாயும். அவற்றைப் பிடித்து நிறுத்தி, மெய்யா என்று பார்ப்பதுதான் வைத்தியம்.

"தைரியமா இருங்கோன்னு நான் சொல்லப் போறதில்லை. நல்லதையே நினையுங்கோன்னும் சொல்லப் போறதில்லை. நெஜம் எதுவோ அதைப் பார்க்கலாம்" என்றாள் வசந்தா.

முதலில் எளிய வேலைகள் கொடுத்தாள். காலையில் முகம் கழுவ வேண்டும். வராந்தாவின் கோடிவரை நடக்க வேண்டும். "என்னால முடியாது" என்பேன். "முடியாதுங்கிறது ஒரு வாக்கியம். நடந்து பார்த்துட்டு வந்து, அது நெஜமான்னு சொல்லுங்கோ." நடந்தேன். சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. ஆனால் முடியாது என்று நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அது என்னைக் கொஞ்சம் உறுத்தியது.

பிறகு ஒருநாள் அவள் கேட்டாள். "மாவுஷி தலை பின்னிவிடறச்சே உங்க மனசுல என்ன ஓடித்து?"

"பிள்ளையக் கொன்னவளுக்கு எதுக்கு இதெல்லாம்னு."

வசந்தா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, "அதை நூத்துக்கு எவ்வளவு நம்பறேள்?" என்றாள்.

"நூத்துக்கு நூறு."

"நீங்க கணக்கு டீச்சர். ஒரு பையன் விடையை மட்டும் எழுதிட்டு வந்தா மார்க் போடுவேளா? வழி எங்கேடான்னு கேப்பேளா?"

வழியைச் சொன்னேன். எட்டு மாதம், ரயில், கூட்டம், குழந்தை போயிற்று. அவள் ஒவ்வொரு படியாகக் கேட்டாள். அன்றைக்கு யாராவது வயிற்றில் இடித்தார்களா? இல்லை. விழுந்தேனா? இல்லை. ரத்தம் பட்டதா? இல்லை. என் பள்ளியில் வேறு யாராவது நிறைமாதம்வரை அதே ரயிலில் வந்திருக்கிறார்களா? வந்திருக்கிறார்கள். ஒரு டீச்சர் ஒன்பதாம் மாதத்திலும் வந்தாள். அவள் பையன் இப்போது ஓடித் திரிகிறான். என் அக்காவுக்கு இப்படி நடந்திருந்தால் அவளிடம் நீ கொன்றுவிட்டாய் என்று சொல்வேனா?

"சொல்ல மாட்டேன்."

"பிரசவம் பார்த்த டாக்டர் என்ன காரணம் சொன்னா?"

யாரும் என்னிடம் எந்தக் காரணமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. "காரணம் நாந்தாங்கிறதால சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். அதான் அவர் அதப்பத்திப் பேசுறதே இல்ல. என்ன வெறுக்காரு" என்றேன்.

"வெறுக்கறார்னு அவர் சொன்னாரா?"

"சொல்லணுமா?"

"அப்போ அதுவும் இன்னும் சரிபார்க்காத கணக்கு. அவரையே கேட்டுப் பாருங்கோளேன்."

பல நாட்கள் கேட்கவில்லை. கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுவார். சொன்னால் நான் செத்துவிடுவேன். அந்த பயத்தையும் வசந்தாவிடம் சொன்னேன். "ஆமாம்னு சொன்னா நான் இங்கதான் இருப்பேன். அதையும் சேர்ந்து பார்க்கலாம்" என்றாள். அந்தப் பேச்சில்தான் எனக்குத் துணிச்சல் வந்தது.

அவர் ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து, பார்வை நேரம் முடிவதற்குள் மூச்சிரைக்க வந்து சேர்வார். சட்டையில் மெஷின் எண்ணெய் வாசனை இருக்கும். வந்து உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்பார், ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்ப்பார், மணி அடித்ததும் போய்விடுவார். அன்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியே நல்ல மழை.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது."

"கேளு."

"பிள்ளை போனதுக்கு நாந்தான் காரணம்னு நெனைக்கியளா?"

அவர் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது புரியாதவர்போல முழித்தார். "நீயா? நீ எதுக்கு?"

"ரயில்ல போனேம்லா. நீங்களும் அக்காவும் சொல்லச் சொல்லக் கேக்காம."

"கோட்டி மாதிரி பேசாத" என்றவர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "நாந்தான் காரணம், லெச்சுமி. ஒனக்குத் தெரியாம இருக்கட்டும்னு இருந்தேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான் எந்த எடத்துல வேல பாக்கேன்? ஊருக்குப் போனா எல்லாவனும் கேக்கான், அணு கெடக்க எடத்துல வேல பாத்தா பிள்ள தங்குமாலேன்னு. அத்தன வருசம் தங்கல. தங்கினதும் இப்படி ஆயிட்டு. என் ஒடம்புலருந்துதான வந்திருக்கும்? ஒன் மொகத்த எப்படிப் பாக்க?"

அவர் பார்த்த வேலை நட்டும் போல்ட்டும் கடைகிற வேலை. வேறு எந்தப் பட்டறையிலும் இருக்கிற அதே லேத். அந்த வளாகத்தில் வேறு எதையும் அவர் தொட்டதுகூடக் கிடையாது. அதைச் சொன்னேன்.

"அது தெரியும். தெரிஞ்சு என்ன செய்ய? மனசு கேக்க மாட்டேங்கு."

"உங்க செக்ஷன்ல மத்தவங்களுக்குப் பிள்ளைங்க இல்லியா?"

"இருக்கு."

"எத்தன பேருக்கு?"

யோசித்தார். "எல்லாத்துக்குந்தான் இருக்கு. பக்கத்து மெஷின் ராஜனுக்கு மூணு."

"பின்ன உங்களுக்கு மட்டும் எப்படி?"

நான் வசந்தாவின் கேள்விகளையே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அவர் கைகளைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "டாக்டரம்மாவும் வேற மாதிரிதான் சொன்னாவ. தொப்புள்கொடியில முடிச்சு விழுந்திருக்குன்னு. உள்ள புரண்டு வெளையாடும்போது தானா விழுதது, இறுகிட்டுன்னா மூச்சு கெடைக்காது, யாரு நெனச்சாலும் தடுக்க முடியாதுன்னாவ. என் மனசு ஆறட்டும்னு சொல்லுதாவன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"பிள்ளையப் பத்தி ஒண்ணும் பேசக் கூடாதுன்னு செண்பகம் மயினி சொன்னாவ. நீ தாங்க மாட்டேன்னு."

மழை சாய்ந்து அடித்தது. பெஞ்சின் ஒரு பக்கம் நனைந்துகொண்டிருந்தது. நாங்கள் நகரவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில், இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே குற்றத்தைச் சுமந்துகொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்து வாழ்ந்திருக்கிறோம்.

"அவ எப்படி இருந்தா?" என்று கேட்டேன்.

அவர் சொல்ல ஆரம்பித்தார். "ஒன் நெத்திதான். தல நெறைய முடி. ஒறங்குத மாதிரிதான் இருந்தா. வெரலு நீளம், நகங்கூட இருந்துச்சு. வாய் லேசாத் தெறந்து..." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயில் காலந்தான். ஆனாலும் குளிருமேன்னு ஒன் சேலைய இன்னொரு சுத்து சுத்தினேன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மாதக்கணக்கில் வராமல் இருந்தது ஒரேயடியாக வந்தது. மணி அடித்தது. பார்வையாளர்கள் எல்லோரும் போனார்கள். மாவுஷி வந்து எங்களைப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தாமல் திரும்பிப் போனாள்.

இத்தோடு நான் குணமாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அதற்கடுத்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் கொடியவை. நான் கொன்றேன் என்று நம்பிய காலத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. என்னைத் திட்டுவதும் தண்டிப்பதும் அந்த வேலை. அன்று பரீட்சைத் தாளை விட்டுவிட்டு லீவு போட்டிருந்தால் என்று மனதுக்குள் திரும்பத் திரும்ப அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இப்போது காப்பாற்ற வழியே இருந்ததில்லை என்று தெரிந்தது. நெற்றியும் முடியும் நகமும் இருந்த ஒரு பெண், அவள் இனி இல்லை. வசந்தாவிடம் கோபப்பட்டேன். "வாக்கியத்தச் சரி பண்ணிட்டிய. பிள்ளை எங்க?" என்று கத்தினேன்.

அவள் கண்கள் கலங்கிவிட்டன. "இது வியாதி இல்லை. இது துக்கம். உங்க பொண்ணு போயிட்டாங்கிறது நெஜம். அதைச் சரிபார்த்து மாத்தறதுக்கு என்கிட்ட ஒரு வழியும் கெடையாது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க கொன்னேள்ங்கிறதை இப்போ நூத்துக்கு எவ்வளவு நம்பறேள்?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். சில காலைகளில் கொஞ்சம். மற்ற நேரம் இல்லை. அதைச் சொன்னேன்.

மழை விடும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை வெகுநாள் தொடர்ந்தது. மாத்திரையும் வேண்டியிருந்தது, பேச்சும் வேண்டியிருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அக்காவிடம் கொடி முடிச்சைச் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பேசாதன்னு சொன்னவ நான்தானட்டி" என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்துவது எங்கள் வேலையாயிற்று. என் கணவருக்கு வசந்தா கிடைக்கவில்லை. அவருடைய நினைப்பு இன்னும் சில சமயம் அவரைப் பிடித்துக்கொள்ளும். ஊரிலிருந்து யாராவது வந்து விசாரித்துவிட்டுப் போனால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ராஜனுக்கு எத்தன பிள்ள?" என்பேன். "மூணு" என்பார். அதன் பிறகு சாப்பிடுவார். அவளுக்குப் பிறகு எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள் காலை, மான்குர்டில் வண்டி ஏறினேன். கம்பார்ட்மெண்ட் நிரம்பியிருந்தது. உட்கார்ந்திருந்த ஒருத்தியின் மடியில் கைக்குழந்தை. என் வயது இருக்கும் அவளுக்கு. கூட்டத்தில் நான் அவள் முழங்காலில் முட்டிக்கொண்டு நின்றேன். குழந்தையை நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். உனக்கு எத்தனை குழந்தைகள் என்று ஹிந்தியில் கேட்டாள். ஒன்றும் இல்லை என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்லும் பதில். வாய் அதற்குத்தான் திறந்தது.

"ஏக் லட்கி தீ" என்றேன். ஒரு பெண் இருந்தாள்.

அவள் சிரிப்பு நின்றது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளை நெருக்கித் தள்ளி, எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கால் என் கைமேல் பட்டுக்கொண்டே வந்தது. குர்லா வரும்வரை நான் கையை எடுக்கவில்லை.